துயெத்தின் கலியாணத்துக்குப் போன வழி

1

போன தை மாதம் வியட்நாமில் நான் என் கணவரைத் தொலைத்துவிட்டேன். கொஞ்ச நேரந்தான். திரும்பக் கிடைத்துவிட்டார், சேதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் ரொறன்ரோ திரும்புவதற்கு முன்னமே செய்தி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டது. கொக்குவிலில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "அத்தான் என்னண்டு துலைஞ்சவர்?" என்பது. இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் சூடு இருந்தது. "நீங்கள் ஏன் வியட்நாம் போனனீங்கள்? இஞ்சை வாறதுக்கு மட்டும் லீவு கிடைக்காது, என்ன?"

அவளுக்கும், அவளைப் போல மனத்தாங்கலோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை. ஒரு கலியாணத்துக்குப் போனோம். பொம்பிளை பகுதி ஆட்களாக.

பொம்பிளையின் பெயர் துயெத். நாங்கள் ரெக்ஸ்டேலில் குடியிருந்த காலத்தில், அங்கே பிஸ்கற் பொதிசெய்யும் ஒரு தொழிற்சாலையில் அவளும் நானும் அடுத்தடுத்து நின்று வேலை செய்தோம். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'சிவநாதன்' என்று எழுதியிருக்கும். கனடாவில் வந்து இறங்கிய அன்று குடும்பப் பெயர் என்ன என்று அலுவலர் கேட்டார். எனக்குக் குடும்பமும் தெரியும், பெயரும் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரியாது. பக்கத்தில் நின்ற கணவரின் பெயரைச் சொல்லிவிட்டேன். அதனால் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து "சிவா! சிவா!" என்று கத்துவார். ஒரு பக்தரைப் போல.

அவளுடைய அட்டையில் 'நுயென்' என்று இருந்தது. அந்த வரிசையிலேயே மூன்று நுயென்கள் இருந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் மூவரும் திரும்புவார்கள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் தன் நெஞ்சில் விரலை வைத்து, "நுயென் இல்லை. துயெத்" என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். சன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினாள். பனி! பனியே விழாத ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் அந்தப் பெயரை வைத்திருக்கிறார். நான் என் பெயர் மலர் என்று சொல்லி, மேசைத் துணியில் இருந்த பூவைக் காட்டினேன். அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் என்னை என் பெயரால் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

பிறகு நாங்கள் ஸ்காபரோவுக்கு வீடு மாறினோம். அவளுடைய கணவர் காலமானார். பிள்ளை ஜெனி படித்து, கலியாணம் முடித்து, மிசிசாகா போனாள். துயெத் ஓய்வு பெற்றதும், மூன்று மாதம் நின்றுவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலம் என்று நாங்கள் நம்பும் ஏதோ ஒன்று. தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"மலர், கலியாணம்."

"ஆருக்கு? ஜெனியின்ரை பிள்ளை சின்னனல்லே?"

"எனக்கு."

மாப்பிள்ளை ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு ஓட்டுபவர். மனைவியை இழந்தவர். "ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போக அவருடைய படகில் ஏறினேன்" என்றாள் துயெத். "பிறகு சந்தையில் அலுவல் இல்லாத நாளும் ஏறினேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜெனி வரமாட்டாளாம். அந்த மனுசன் கனடா வருவதற்காகத்தான் உன்னைக் கட்டுகிறான் என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாளாம். தாய்க்கு ஆங்கிலம் பாதி, மகளுக்கு வியட்நாமிய மொழி பாதி. ஒருவர் சொன்ன நியாயம் மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. கோபம் மட்டும் ஒரு சொல் குறையாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

"மாப்பிள்ளை பகுதி வெற்றிலை கொண்டு வரும். வாங்குவதற்கு என் பக்கம் ஆள் இல்லை. நீ வா. உன் மனுசனும் வரவேண்டும். சோடியாக நின்று வாங்கவேண்டும்" என்றாள்.

2

என் மனுசனைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் பிறம்ரனில் இருக்கும் களஞ்சியங்களிலிருந்து மொன்றியலுக்குப் பார ஊர்தி ஓட்டுபவர். பெரிய லொறி. நல்ல சாரதி, பிழை சொல்லமுடியாது. ஆனால் இன்னொருவர் ஓட்டும் வாகனத்தில் இவரை ஏற்றக்கூடாது. எங்கள் மகன் நிமலின் காரில் முன்னாசனத்தில் இருந்தால், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தபடியே வருவார். யூனியன்வில்லில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் இறங்கும்போது காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

விசயத்தைச் சொன்னதும், "அறுபது வயசு தாண்டின மனுசி கலியாணம் கட்டுது. அதுக்கு நான் தோழனாய்ப் போறதே?" என்றார்.

"தோழனாயில்லை. தமையனாய்."

தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். எனக்குப் பித்தப்பை அறுத்த வாரம் இவர் மொன்றியல் பக்கம் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். நிமலைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சமைத்து, என் தலையையும் வாரிவிட்டவள் துயெத். அது இவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். கொஞ்சம் கழித்து, "அங்கை என்ன வெக்கையோ?" என்று கேட்டார். அதுதான் இவருடைய சம்மதம்.

பயண ஒழுங்கை நிமல் பொறுப்பெடுத்தான். "அம்மா, டோன்ட் வொறி. பிளேன், ஹோட்டல், பஸ், எல்லாம் நான் புக் பண்ணுறன். அங்கை ட்ரெயினும் இருக்கு, பட் நீங்கள் போற பக்கம் ட்ரெயின் இல்லை. ஸோ பஸ். பஸ்ஸாலை இறங்க ஒரு கார் வரும். கார் உங்களை படகடியிலை விடும். சிம்பிள்." பிறகு தகப்பன் பக்கம் திரும்பினான். "அப்பா, மோட்டர்பைக்கிலை மட்டும் ஏறாதைங்கோ. இன்ஷூரன்ஸ் கவர் பண்ணாது. ப்ரொமிஸ்?"

"எனக்கென்ன விசரே?" என்றார் இவர்.

விசாவில் வழக்கம்போலப் பெயர் புரண்டது. மலர் குடும்பப் பெயராகவும் சிவநாதன் என் சொந்தப் பெயராகவும் வந்து நின்றன. நிமல் மறுபடி விண்ணப்பித்தான். இரண்டாம் முறை எனக்குச் சரியாக வந்தது, இவருக்குப் புரண்டது. மூன்றாம் முறைதான் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நாங்களாக இருந்தோம். விமானச் சீட்டில் இவருடைய பெயரும் தகப்பன் பெயரும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, கடைசி எழுத்துகள் இடம் போதாமல் விழுந்திருந்தன. விமான நிலையத்தில் அந்தப் பெண் அதை வாசிக்க முயன்று பாதியில் கைவிட்டு, "சேர்" என்றாள்.

3

கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேருவதாகத்தான் ஏற்பாடு. நாங்கள் புறப்பட்ட அன்று ரொறன்ரோவில் பனி கொட்டியது. விமானத்தின் இறக்கைக்குப் பனியை உருக்கும் மருந்துத் தண்ணீர் அடித்து, மறுபடி பனி விழுந்து, மறுபடி அடித்து, நாங்கள் கிளம்பியபோது தைப்பேயில் பிடிக்கவேண்டிய மற்ற விமானம் எங்களுக்காகக் காத்திருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது காத்திருக்கவில்லை. தைப்பே விமான நிலையத்துக் கதிரைகளில் ஒரு நாள் போயிற்று. "பேரிலையே பனி வைச்சிருக்கிற மனுசி. வேறை என்ன நடக்கும்?" என்றார் இவர்.

சாய்கோனில் இறங்கி, ஹோட்டலில் குளித்து, அடுத்த நாள் காலை பஸ் பிடிப்பதற்குத் தெருவைக் கடக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. எதிர்ப்பக்கத்தில், பஸ் புறப்படும் கந்தோர். நடுவில் மோட்டார் சைக்கிள்கள். நான் யாழ்ப்பாணத்தில் திருவிழாச் சனம் பார்த்தவள். இது அந்தச் சனம் முழுக்க மோட்டார் சைக்கிளில் ஏறி ஒரே திசையில் போவது போல. ஒரு சைக்கிளில் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி.

இவர் நடைபாதையில் நின்று சிக்னல் விளக்கைத் தேடினார். இருபத்தைந்து வருடங்களாகக் கனடாச் சட்டத்தில் ஓடிய மனுசன். பாதசாரி காலைக் கீழே வைத்தால் உலகமே நிற்கும் என்று பழகிவிட்டார். காலைக் கீழே வைத்தார். ஒன்றும் நிற்கவில்லை. காலை மேலே எடுத்தார்.

பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து இவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். நான் இவருடைய சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை, மெல்ல ஒரே மாதிரி நடந்தாள். மோட்டார் சைக்கிள்கள் தண்ணீர் மாதிரி எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒருவரும் திட்டவில்லை, எங்களைப் பார்க்கக்கூட இல்லை. மறுகரையில் விட்டுவிட்டுத் தன் பழங்களுக்குத் திரும்பிப் போனாள்.

"உதைப் பாத்தனியே? ஒருத்தனும் பிரேக் பிடிக்கேல்லை. ஆனா ஒருத்தனும் இடிக்கவுமில்லை" என்றார் இவர். குரலில் பயம் பாதி, மரியாதை பாதி.

4

நிமல் பதிவு செய்த பஸ் படுத்துக்கொண்டு போகும் பஸ். இரவுப் பயணத்துக்கு அது சரி. காலை பத்து மணிக்கும் அதே பஸ்தான். ஏறும்போதே சப்பாத்தைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்ரிக் பை தந்தார்கள். உள்ளே மூன்று வரிசையாக, மேலும் கீழுமாகச் சின்னச் சின்னப் படுக்கைகள். காலை நீட்டினால் அது முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் போகும். அந்த ஊர் ஆட்களின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. என் மனுசனின் உடம்பு ஸ்காபரோ இடியப்பத்தால் வளர்ந்தது.

பஸ் உதவியாளரும் நானும் சேர்ந்து இவரை உள்ளே அனுப்பினோம்.

"மலர்."

"என்ன?"

"என்னைக் கால் முன்னாலை விட்டுக் கொண்டு போறாங்கள்."

"சும்மா கிடவுங்கோ."

படுத்துக் கிடந்தால் வீதி தெரியாது. ஒரு சாரதிக்கு அதைவிடத் தண்டனை இல்லை. கூரையைப் பார்த்தபடி சத்தத்தை வைத்தே எனக்கு நேர்முக வர்ணனை செய்தார். "இப்ப கியர் மாத்திறான்... ஏன் இப்ப ஹோன் அடிக்கிறான்?... வளைவிலை இவ்வளவு வேகமோ?... ஆ, நல்லா எடுத்தவன்." நான் வெளியே பார்த்தேன். சன்னலால் வாழைத்தோட்டங்களும், கால்வாய்களும், வீட்டு வாசலிலேயே கட்டியிருந்த வள்ளங்களும் போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தபோது இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கையில் கிடந்த பெடியன் அதைத் தன் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

நடுவழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சப்பாத்துப் பையை அவிழ்க்கத் தேவையில்லை. பஸ் வாசலில் ஒரு கூடை நிறைய ரப்பர்ச் செருப்பு வைத்திருந்தார்கள், பொதுச்சொத்து. இவர் கண்ணாடி போடாமல் இறங்கினார். நூடில்ஸ் கடையில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தோம், இரண்டும் இடது கால் செருப்பு, ஒன்று இளஞ்சிவப்பு. நூடில்ஸ் நன்றாக இருந்தது. ஆனால் பஸ் எப்போது கிளம்பும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவசரமே இல்லாமல் சாப்பிட்டார்கள். பாலம் ஒன்றில் வேறு வாகன நெரிசல். கன் தோ என்ற அந்த நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

துயெத் முன்னமே சொல்லியிருந்தாள். அவளுடைய வீடு ஆற்றுக்கு அக்கரையில், வெளிச்சம் இருக்கும்வரைதான் படகு ஓடும். கலியாணம் மறுநாள் விடிய. நல்ல நேரம் பார்த்து வைத்தது, மாற்றமுடியாது. படகைத் தவறவிட்டால் வெற்றிலை வாங்க ஆள் இல்லை.

5

நிமல் சொன்ன கார் வரவில்லை. சாரதி என் தொலைபேசிக்கு அழைத்து வியட்நாமிய மொழியில் ஏதோ நீளமாகக் கேட்டார். நான் ஆங்கிலத்தில் நீளமாகப் பதில் சொன்னேன். பிறகு திரையில் கார் மறைந்துபோயிற்று. இன்னொன்றைத் தேடினேன். அதுவும் அப்படியே.

பஸ் நிலைய வாசலில் தலைக்கவசம் போட்ட மோட்டார் சைக்கிள்காரர் கொஞ்சப் பேர் நின்றார்கள். அவர்கள் ஒவ்வொரு பயணியையும் பார்த்துக் கூப்பிட்டார்கள்: "ஸே ஓம்! ஸே ஓம்!"

இவர் சடாரென்று திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"மலர், உவன் ஓம் எண்டு சொல்லுறானப்பா!"

"சொல்லட்டும், வாங்கோ."

அதற்குள் ஓர் இளம் பையன் இவருக்கு முன்னால் வந்து, "ஸே ஓம்?" என்று கேட்டான். உலகத்தின் மறுமுனையில் யாரோ ஓம் என்று கேட்கும்போது, ஆம் என்பதற்கே ஓம் சொல்லும் யாழ்ப்பாணத்து மனுசன் என்ன சொல்வார்?

"ஓம், ஓம்!" என்றார் இவர், தலையையும் ஆட்டி.

பையன் ஒரு தலைக்கவசத்தை எடுத்து இவருடைய தலையில் கவிழ்த்து, நாடிக்குக் கீழே வாரையும் கொளுவிவிட்டான். அந்த மொழியில் ஓம் என்றால் கட்டிப்பிடிப்பது. ஸே என்றால் வண்டி. ஓட்டுபவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும் வண்டி, மோட்டார் சைக்கிள் வாடகை வண்டி. இது எனக்குத் துயெத் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, இவர் எதற்கோ சம்மதித்துவிட்டார் என்பது மட்டுந்தான்.

"நிமலுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நிமல் இப்ப நித்திரை" என்றார், தலைக்கவசத்துக்குள்ளிருந்து.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியும் இல்லை. என் வயதுள்ள ஒரு பெண் சாரதி தன் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். படகடியின் விலாசத்தை அவளுக்குத் தொலைபேசியில் காட்டினேன். அவள் அந்தப் பையனுக்கு ஏதோ சொன்னாள். நான் ஏறி, வெட்கத்தை விட்டு அவளுடைய இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். வீதியோரத்தில் யாரோ மீன் பொரிக்கும் மணம், சூடான காற்று, என் தலைமயிர் எல்லாத் திசையிலும் பறந்தது. உண்மையைச் சொன்னால், நான் கனடா வந்தபிறகு இவ்வளவு சந்தோசமாக எந்த வாகனத்திலும் போகவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பி, இவரும் அனுபவிக்கிறாரா என்று பார்த்தேன்.

இவரைக் காணவில்லை.

6

படகடியில் துயெத் நின்றாள். மஞ்சள் பூப்போட்ட உடுப்பு, கொஞ்சம் மெலிந்து, நன்றாகக் கறுத்து. ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்து, "சிவா எங்கே?" என்றாள்.

"பின்னால் வருகிறார்."

வரவில்லை. இவருடைய தொலைபேசிக்கு அழைத்தேன். என் கைப்பையே மணி அடித்தது. தெருவில் யாராவது பறித்துவிடுவார்கள் என்று காலையில் இவர்தான் அதை என்னிடம் தந்து வைத்தவர். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். மொழி தெரியாது, தொலைபேசி இல்லை, போகும் இடத்தின் பெயரும் இவருக்குத் தெரியாது. கேட்டால் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லப்போகிறார்.

என்னை ஏற்றிவந்த பெண் அந்தப் பையனை அழைத்துப் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. அவளும் துயெத்தும் வேகமாகப் பேசினார்கள். பிறகு துயெத் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பை!"

மாப்பிள்ளையை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நரைத்த தலை, ஒல்லியான நீண்ட கைகள், நீலச் சேட்டு. அவரைக் கூப்பிடும் பெயர் பை, ஏழு என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை எண்ணிக்கையால்தான் கூப்பிடுவார்களாம், எண்ணுவதும் இரண்டிலிருந்தாம், ஆகவே ஏழாமவர் என்றால் ஆறாவது பிள்ளை. படகில் கடைசி ஓட்டத்துக்குச் சனம் ஏறி நின்றது. சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடையில் தாரா வாத்துகளோடு ஒரு மனுசி. துயெத் சொன்னதை அவர் கேட்டார். ஆற்றைப் பார்த்தார். ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார்.

"கீழே இன்னொரு படகடி இருக்கிறது. அங்கே கொண்டுபோயிருப்பான். ஏறு" என்றாள் துயெத்.

படகு மறுகரைக்குப் போகாமல் ஆற்றோடு கீழே திரும்பியது. ஏறியிருந்த சனத்தில் ஒருவரும் ஏன் என்று கத்தவில்லை. தாராக்காரி துயெத்திடம் விசாரித்தாள். துயெத் விளக்கினாள். அந்தச் செய்தி படகு முழுக்கப் பரவியது. பிறகு பார்த்தால் எல்லோரும் ஒரே பக்கம் வந்து நின்று கரையைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். பை அண்ணை ஏதோ அதட்டினார். பாதிப் பேர் மறுபக்கம் போனார்கள். தாராக்காரி என் கையைப் பிடித்துத் தடவிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடம் ஒன்றாகச் சண்டை பிடித்த மனுசன்.

பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுதான் முதலில் கண்டு கூவியது.

கரையில் ஒரு தேநீர்க்கடை. அதன் முன்னால் கட்டியிருந்த ஊஞ்சல் படுக்கையில் இவர் கால் நீட்டிக் கிடந்தார். கையில் இளநீர். பக்கத்தில் அந்தப் பையனும் வேறு மூன்று பேரும் குந்தியிருக்க, பெரிய லொறியை எப்படிப் பின்னுக்கு எடுப்பது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். படகைக் கண்டதும் எழும்பினார்.

"எங்கையப்பா போனனீ? எவ்வளவு நேரமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன்!"

படகே சிரித்தது. அவர்களுக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்தப் படகடியின் பாதிப் பலகை இடிந்துபோயிருந்தது. நீரோட்டமும் இழுத்தது. பை அண்ணை எஞ்சினைக் குறைத்து, படகைத் தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்று விட்டு, கடைசி நொடியில் ஒரு கையால் திருப்பினார். படகு பலகையைத் தொட்டது தெரியவில்லை. இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஏறி வந்து நேரே பை அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆற்றைக் கடந்து முடியும்வரை இவருடைய வலது கால் அசையவில்லை.

மறுகரை கிட்ட வந்ததும் தன் ஆங்கிலத்தில் தமையன் வேலையைத் தொடங்கினார்.

"துயெத், கேட்டுச் சொல்லு. இவர் கனடா வருவாரோ?"

துயெத்தின் முகம் சுருங்கியது. ஆனாலும் கேட்டாள். பை அண்ணை ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். துயெத் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வந்தால் படகை யார் ஓட்டுவது என்று கேட்கிறார்."

"அது சரி" என்றார் இவர். "அது ஞாயமான கதை."

7

கலியாணத்தன்று காலை நான் காஞ்சிபுரச் சேலை உடுத்தேன். இவர் வேட்டி. துயெத் சிவப்பில் நீண்ட அங்கி. அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்றலில், வீட்டுக்காரியும் நாங்களும் பொம்பிளை பகுதியாக நின்றோம்.

மாப்பிள்ளை பகுதி படகிலேயே வந்தது. மாப்பிள்ளை அன்றைக்கு ஓட்டக்கூடாது என்று மருமகன் ஓட்டினான். கோட்டு சூட்டோடு முன்னால் நின்ற பை அண்ணை கையை ஆட்டி ஆட்டிக் கத்தக் கத்த, மருமகன் படகைக் கொண்டுவந்து கரையில் மோதினான். சிவப்புத் துணி போர்த்திய வட்டப் பெட்டிகளைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக ஆடினார்கள். ஒன்றும் விழவில்லை.

முதல் பெட்டியை எங்கள் முன்னால் திறந்தார்கள். உள்ளே வெற்றிலையும், குலையோடு பாக்கும். எங்கள் ஊர்க் கலியாணத் தட்டை அங்கே கண்டதுபோல இருந்தது. இவரும் நானும் சோடியாகக் கை நீட்டி வாங்கினோம். பிறகு மாப்பிள்ளை பகுதியில் ஒரு பெரியவர் பேசினார். முடிந்ததும் எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். பொம்பிளையின் தமையன் மறுமொழி சொல்லவேண்டும்.

இவர் தமிழிலேயே பேசினார். "இவ எங்கடை வீட்டுப் பிள்ளை. என்ரை மனுசிக்கு ஏலாமல் கிடந்தநேரம் எங்கடை அடுப்பை அணையாமல் பாத்தவ. நாங்கள் தூரத்திலை இருக்கிறம். நீங்கள் கிட்ட இருக்கிறியள். பாத்துக்கொள்ளுங்கோ." துயெத்துக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எழுந்து மொழிபெயர்த்தாள். இவர் பேசியதைப் போல இரண்டு மடங்கு பேசினாள். நடுவில் அழுதாள். எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "சிவா சொல்லவேண்டியதைச் சொன்னேன்" என்றாள்.

வெற்றிலை வாங்கிய பிறகு ஒருமுறை ஜெனிக்கு வீடியோவில் அழைத்தேன். எடுக்கவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினேன். தாயும் பை அண்ணையும், பின்னால் படகு. பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. துயெத் என் தொலைபேசியைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

8

ரொறன்ரோவில் பனி உருகி, மழை தொடங்கி, நானும் வழமைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அன்ரி, ஜெனி."

சுகம் கேட்டாள். நானும் கேட்டேன். அவளுடைய பிள்ளை பின்னால் ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"அந்தப் படத்தில் அம்மா சிரிக்கிறா" என்றாள் ஜெனி ஆங்கிலத்தில். "அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை."

பேசினால் கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"அங்கே நேரே போகிற பிளேன் இருக்கிறதா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். நேரே போகமுடியாது, நடுவில் ஓர் இடத்தில் மாறவேண்டும் என்று சொன்னேன். சாய்கோனில் ஓர் இரவு தங்கு, பிள்ளை களைத்துப்போகும். தெருவைக் கடக்கும்போது ஓடாதே, நிற்காதே. பஸ்ஸில் பிள்ளையை உன் பக்கத்துப் படுக்கையில் விடு, அதற்கு நல்ல விளையாட்டாக இருக்கும். இறங்கியதும் காருக்குக் காத்திருக்காதே, பெண் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளாகப் பார்த்து ஏறு. விலாசத்தைக் காட்டு. இரண்டு படகடி இருக்கிறது, மேல்பக்கத்துப் படகடி என்று சொல்லு.

அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பிறகு படகு" என்றேன். "கொஞ்ச நேரந்தான். ஓட்டுகிறவர் கவனமாக ஓட்டுவார்."

"படகுக்குப் பிறகு என்ன, அன்ரி?"

"படகுக்குப் பிறகு ஒன்றும் இல்லை, பிள்ளை. இறங்கினால் அம்மா நிற்பா."